கரிப்புகை மேகம் ஆகுமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகி முடிந்த மறுநாள், கரும்பு வெட்டு முடிந்து சோகை (காய்ந்த கரும்பு இலை) எரியும் மாதங்கள், ஆவணியில் மேற்கே இடி இடித்துவிட்டு மழை வராமல் போகும் சாயங்காலங்கள். இந்த மூன்று சமயத்திலும் புகையையும் மழையையும் சேர்த்து ஏதாவது ஒரு கேள்வி கண்டிப்பாக வந்துவிடும். "புகை போட்டால் மேகம் கூடும்" என்று ஒருவர் சொல்வார், "புகையாலதான் மழையே போச்சு" என்று இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இரண்டுமே முழுசாகச் சரியில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கரித்துகள் என்றால் புகைதானே?

இல்லை. புகை என்பது கலவை. அதில் சாம்பல் இருக்கும், எண்ணெய்ப்பசை மாதிரியான கரிமப் பொருட்கள் இருக்கும், பொட்டாசியம் போன்ற உப்புகள், வாயுக்கள், நீராவி எல்லாம் இருக்கும். இவற்றோடு சேர்ந்து வருவதுதான் கரி. டீசலோ சவுக்கு விறகோ டயரோ கரும்புச் சோகையோ, காற்று போதாமல் எரியும் எதிலும் கார்பன் முழுதாக எரியாமல் மிச்சப்பட்டு, 20 முதல் 50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகளாகத் தீயின் உள்ளேயே உருவாகிவிடுகிறது. அந்த உருண்டைகள் தனித்தனியாக வெளியே வருவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கிளை கிளையாக, இடையில் நிறைய ஓட்டையும் இடைவெளியுமாக ஒரு துகள் ஆகின்றன. அப்படிப்பட்ட ஒரு துகள் ஏறத்தாழ 100 நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை இருக்கும். 100 நானோமீட்டர் துகள்களை வரிசையாக வைத்தால் ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் பல நூறு அடங்கும். சமையலறைக் கூரையில் தொங்கும் ஒட்டடையில் கருப்பாகத் தெரிகிறதே, அது இப்படிப்பட்ட கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்தது.

மேகம் என்பது நீராவிதானே? அதற்கு எதற்குத் துகள்?

முதலில், நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் மேகம், நீராவி குளிர்ந்து மாறிய சின்னச் சின்னத் தண்ணீர்த் துளிகள். அந்தத் துளி ஒன்றுமில்லாத இடத்தில் தானாக உருவாவது மிக மிகக் கடினம், ஏனென்றால் சில மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு குட்டித் துளி ஆனாலும், அதன் மேற்பரப்பு அவ்வளவு வளைந்து இருப்பதால் சேர்ந்த வேகத்திலேயே ஆவியாகி ஓடிவிடும். துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். காற்று சாதாரணமாகத் தாங்கும் நீராவியின் முழு அளவைத்தான் ஈரப்பதம் 100 சதவீதம் என்கிறோம். தூசே இல்லாத காற்றில் துளி வரவேண்டும் என்றால் ஈரப்பதம் 400 சதவீதத்தையும் தாண்டவேண்டும். நம் வானத்திலோ மேகத்துக்குள்ளே ஈரப்பதம் 100ஐத் தாண்டுவது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு: 100.2, 100.5 என்ற அளவில்தான்.

அப்படியென்றால் மேகம் எப்படி வருகிறது? ஏற்கெனவே ஓரளவு அளவுள்ள ஒரு துகளின் மேல் நீராவி படிந்தால், குட்டித் துளியாக இருந்து தப்பிக்கவேண்டிய கட்டமே இல்லாமல் போகிறது. அந்தத் துகளைத்தான் மேகக் கரு என்கிறார்கள். இதை 1870களிலும் 80களிலும் மிக எளிமையான சோதனையில் காட்டிவிட்டார்கள். பிரான்சில் கூலியே என்பவர் 1875இல், அப்புறம் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன். பஞ்சு வழியாக வடிகட்டிய காற்றில் நீராவியை விட்டால் மூட்டம் வரவில்லை, சாதாரண அறைக் காற்றில் விட்டால் உடனே வெள்ளையாக மூட்டம் வந்தது. வேறுபாடு தூசு மட்டும்தான்.

கரியில் தண்ணீரே ஒட்டாதே, அது எப்படி மேகக் கரு ஆகும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் விஷயத்தின் நடுமையத்தைத் தொட்டுவிட்டார். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய எவர்சில்வர் தட்டை மெழுகுவத்திச் சுடர் நுனியில் காட்டி, அடியில் மொத்தமாகக் கரி படியவிடுங்கள். தட்டு ஆறியதும் திருப்பி வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது பரவாது. உருண்டையாக நிற்கும், தட்டைச் சாய்த்தால் கரியை நனைக்காமலே உருண்டு ஓடிவிடும். புதுக்கரிக்குத் தண்ணீர் ஆகாது.

கணக்காகவும் சொல்லிவிடுகிறேன். நீரில் கரையாத 100 நானோமீட்டர் துகள் ஒன்றின் மேல், அது நனையக்கூடியதாகவே இருந்தாலும், மேகத் துளி வளர ஈரப்பதம் 102 சதவீதமாவது தேவை. அதே அளவுள்ள உப்புத் துகளுக்கு 100.1 போதும். உப்பு கரைந்து, தண்ணீர் மூலக்கூறுகளை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் துளி ஆவியாவது குறைகிறது. சின்னத் துளி வேகமாக ஆவியாகும் என்பது ஒரு பக்கம், கரைந்த பொருள் அதைத் தடுக்கும் என்பது மறுபக்கம். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தவர் சுவீடனைச் சேர்ந்த ஹில்டிங் கோலர், 1936இல் வந்த அவருடைய கட்டுரையை வைத்துத்தான் இன்றைக்கும் மேகக் கணிப்பு எல்லாம் நடக்கிறது. வானத்தில் 102 சதவீதம் வருவது அபூர்வம். ஆகவே புகைபோக்கியை விட்டு இப்போதுதான் கிளம்பிய கரி மேகத்துக்குள் போனாலும், பெரும்பாலும் துளியாகாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கரி மேகத்தில் வேலையே செய்யாது என்று சொல்லுங்களேன்?

அப்படிச் சொல்லமுடியாது, ஏனென்றால் கரி கரியாகவே இருப்பதில்லை. காற்றில் மிதக்கும்போது அதன் மேல் பூச்சு ஏறுகிறது. நிலக்கரி, டீசல் எரியும்போது கந்தக டைஆக்சைடு வருகிறது, அது காற்றில் கந்தக அமிலமாக மாறுகிறது. வண்டிப் புகையிலிருந்து நைட்ரிக் அமிலம், மாட்டுச் சாணம், யூரியா வழியாக வரும் அம்மோனியா, மரஞ்செடிகளும் எரிபொருளும் விடும் கரிம ஆவிகள். இவை எல்லாம் ஒட்ட இடம் தேடும்போது, அவ்வளவு மேற்பரப்பு உள்ள கரித்துகள் கிடைக்கிறது. பூச்சு ஏற ஏறத் துகளின் உருவமும் மாறுகிறது. கிளை கிளையாக விரிந்திருந்தது சுருங்கி, மடங்கி, கெட்டியான உருண்டை ஆகிவிடுகிறது.

எவ்வளவு பூச்சு வேண்டும்? நான் வியந்துபோன இடம் இது. 100 நானோமீட்டர் துகளின் கன அளவில் ஆறில் ஒரு பங்கு அம்மோனியம் சல்பேட்டாக (கந்தக அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்த உப்பு) இருந்தாலே போதும், தேவையான ஈரப்பதம் 102இலிருந்து 100.4க்கு இறங்கிவிடுகிறது. அது வானத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவு. மிச்சம் ஆறில் ஐந்து பங்கு தண்ணீர் ஒட்டாத கரியாகவே இருந்தாலும் அந்தத் துகள் மேகத் துளி ஆகிவிடும். அழுக்கும் ஈரமும் கூடிய காற்றில் இந்த மாற்றம் சில மணி நேரத்தில் நடக்கும், சுத்தமான காற்றில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கரி காற்றில் தங்குவது ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால், பெரும்பாலான துகள்களுக்குப் பூச்சு ஏற நேரம் கிடைத்துவிடுகிறது.

விறகுப் புகை இதில் தனி ரகம். விறகிலும் சோகையிலும் பொட்டாசியம் இருப்பதால் உப்பைக் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. டீசல் கரியைவிட விறகுப் புகை சீக்கிரமே மேகக் கரு ஆவதற்கு அதுதான் காரணம்.

நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துப் புகைதான் கடலூருக்கு மேலே மேகம் ஆகிறதா?

நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஆடி, ஆவணியில் மேற்குக் காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை வறுக்கும் இடத்திலிருந்து கிளம்பிய கரி ஒன்றரை மணி நேரம் போல ஆனால் தேவனாம்பட்டினம் கரையைத் தாண்டிவிடும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையப் புகைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்த நேரத்துக்குள் பூச்சு முழுசாக ஏறியிருக்காது. அந்தக் கரி பக்குவப்படுவதும் மேகத் துளி ஆவதும் பெரும்பாலும் வங்கக் கடலுக்கு மேலே. நம் தலைக்கு மேலே உள்ள மேகத்தில் இருப்பதோ வேறு யாரோ முந்தாநாள் கொளுத்தியது. மார்கழி, தை, மாசியில் வடக்கேயிருந்து காற்று வரும்போது கங்கைச் சமவெளியின் புகை கடல் மேலாகவே இவ்வளவு தூரம் வந்துவிடுகிறது.

இதனால் உள்ளூர்ப் புகை நமக்குக் கெடுதல் செய்யாது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். மேகத்துக்குத்தான் அதற்கு நேரம் வேண்டும். நுரையீரலுக்குப் போவதற்கு நேரம் தேவையில்லை.

கடலோரத்தில்தான் உப்பு நிறைய இருக்கிறதே, கரிக்கு இங்கே என்ன வேலை?

நல்ல கேள்வி. ஐப்பசியில் கல் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாக உப்பு நீர்விட்டு அடியில் தண்ணீர் கட்டி நிற்கும், கடலூரில் அடுப்படி பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதுமே உப்பு கரையத் தொடங்குகிறது. அலை உடைந்து தெறிக்கும் குமிழிகளிலிருந்து வரும் உப்புத் துகளும் அதையேதான் செய்கிறது, மேகக் கருவில் அதற்கு மிஞ்சியது இல்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் கடற்காற்றில் உப்புத் துகள் சில பத்து இருந்தால் பெரிய விஷயம். ஊர்க் காற்றில் எல்லா வகைத் துகளும் சேர்த்து ஆயிரக்கணக்கில் இருக்கும். அளவில் பெரியது, எண்ணிக்கையில் குறைவு உப்பு. அளவில் சின்னது, எண்ணிக்கையில் மிக அதிகம் புகைத்துகள்.

இந்த வேறுபாடு மழையில் நேரடியாகத் தெரியும். பெரிய உப்புத் துகள் மேல் உருவாகும் துளி ஆரம்பத்திலேயே பெரிதாக இருக்கும், மழையைச் சீக்கிரம் தொடங்கிவைக்கும். அடுத்த கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

மேகக் கரு கூடினால் துளி கூடும், துளி கூடினால் மழை கூடும், அப்படித்தானே?

முதல் பாதி சரி. இரண்டாம் பாதிதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம்.

ஒரு மேகத்தில் கிடைக்கும் தண்ணீரின் அளவைத் தீர்மானிப்பது மேலே ஏறும் ஈரக்காற்று. துகள்கள் அந்தத் தண்ணீரைப் பங்கு போடுகின்றன, அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி ஒன்றே ஒன்று இருக்கும்போது நூறு இலை போட்டிருந்த இடத்தில் ஆயிரம் இலை போட்டால், இலைக்கு விழுவது குறையுமே தவிர வாளியில் சாம்பார் கூடாது. சுத்தமான கடல் மேகத்தில் கன சென்டிமீட்டருக்கு 50 முதல் 100 துளி இருக்கும். புகை மண்டிய நிலப்பகுதியில் அது பல நூறு, சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும். துளி ஒவ்வொன்றும் அதற்குத் தக்கபடி சின்னதாகிவிடும்.

சின்னத் துளி விழாது. 20 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர்) விட்டமுள்ள ஒரு மேகத் துளியை எடுத்துக்கொள்ளுங்கள், 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்றுக்கு அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் ஒன்றுசேர வேண்டும். நீராவி படிந்து படிந்தே அந்த அளவுக்கு வளர நேரம் போதாது. பெரிய துளி வேகமாக விழுந்து, வழியில் இருக்கும் சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொண்டே வரவேண்டும். துளிகளின் ஆரம் 14 மைக்ரோமீட்டர் வாக்கில் வந்த பிறகே இந்த மோதல் வேலை வேகம் பிடிக்கிறது. எல்லாத் துளியும் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே மிதக்கும், யாரும் யாரையும் மோதுவதில்லை. காட்டுத்தீப் புகைக்குள் சிக்கிய மேகங்கள் பெய்யாமல் நகர்ந்துபோவதை 1999இல் டேனியல் ரோசன்ஃபெல்ட் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டினார்.

நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காக. மேகம் உருவாகத் துகள் வேண்டும், உண்மை. ஆனால் நம் வானத்தில் துகளுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. புகை போடுவது மழைக்கு உதவி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

துளி சின்னதாவதால் வேறு என்ன ஆகும்?

மேகம் பளிச்சென்று ஆகும். அதே தண்ணீரை அதிகத் துளிகளாகப் பிரித்தால் மொத்த மேற்பரப்பு கூடுகிறது, வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. இதை 1970களில் எடுத்துச் சொன்னவர் ஷான் டூமி. மழை தாமதமாவதால் மேகத்தின் ஆயுளும் நீளலாம் என்று 1989இல் புரூஸ் ஆல்பிரெக்ட் சேர்த்தார். மனிதன் விட்ட துகள்கள் மேகத்தின் வழியாகப் பூமியைக் குளிர்விப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 வாட் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவின் (ஐ.பி.சி.சி.) ஆறாம் அறிக்கை மதிப்பிடுகிறது. பெரும்பங்கு சல்பேட்டினுடையது, கரியினுடையது அல்ல.

கரி மேகத்தைக் கலைத்தும் விடுமாமே?

ஆமாம், கரி மற்றத் துகள்களிலிருந்து வேறுபடுவதே இதில்தான். உப்பும் சல்பேட்டும் வெயிலைச் சிதறடிக்கும். கரி கருப்பு, வெயிலை விழுங்கிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். காற்று சூடானால் ஈரப்பதம் இறங்கும், துளிகள் ஆவியாகும். கரி மேகத்துக்குப் பக்கத்திலோ உள்ளேயோ இருந்தால், காலையில் இருந்த மேகம் மதியத்துக்குள் கரைந்துபோகும். கூடவே தரைக்கு வரும் வெயில் குறைவதால் கீழிருந்து எழும் காற்றும் தளர்கிறது, கடலிலிருந்து ஆவியாவதும் குறைகிறது.

இது பெரிய அளவில் தெரியவந்தது 1999இல், இந்தியப் பெருங்கடல் சோதனை என்று கப்பல், விமானம், மாலத்தீவு ஆய்வு நிலையம் எல்லாம் சேர்த்து ஜனவரி முதல் மார்ச் வரை அளந்தபோது. கடலுக்கு மேலே சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டம் பரவியிருந்தது, கரி அதில் கணிசமாக இருந்தது. அந்தச் சோதனையை நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனோடு சேர்ந்து நடத்தியவர் வீ. ராமநாதன். நம் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். சிதம்பரத்தில் படித்த ஒருவர்தான் நம் கடலுக்கு மேலே தொங்கும் கரியை உலகத்துக்குக் காட்டினார் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவசியம் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

கருமேகம் கருப்பாக இருப்பது கரியாலா?

இல்லை. மேகம் தடிமனாக இருப்பதால் வெயில் கீழே வந்து சேரவில்லை. விமானத்தில் போகும்போது மேலிருந்து பார்த்தால் அதே மேகம் வெள்ளை.

போகி அன்று விடியற்காலை எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மூட்டம் வருகிறதே, அது மேகமா புகையா?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. தை பிறக்கும் நேரத்தில் ராத்திரி தரை சீக்கிரம் குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்குகிறது, மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுகிறது. காற்றோட்டமும் இல்லை. விழுப்புரம், உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் அந்த நேரம் வண்டி ஓட்டியவர்களுக்குப் பனி எப்படி இறங்கும் என்று சொல்லவேண்டாம். அந்த மூடிக்கு அடியில் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பழைய பாய், துணி, டயர், பிளாஸ்டிக் என்று கொளுத்தினால் புகை எங்கே போகும்?

ஈரப்பதம் 100ஐத் தொடுவதற்கு முன்பே, 75, 80 சதவீதத்திலேயே உப்பு ஏறிய துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும். முழு மேகத் துளி ஆகவில்லை என்றாலும் பார்வையை மறைக்க அது போதும். பிளாஸ்டிக் எரிவதில் இன்னொரு வினை உண்டு. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் குளோரைடு உப்பாக ஏறும், அந்த உப்பு தண்ணீரை அபாரமாக இழுக்கும். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, டெல்லியில் பார்வைத் தூரம் குறைவதில் ஏறத்தாழ பாதிக்கு இந்தக் குளோரைடு இழுத்த தண்ணீரே காரணம் என்றது. 1952 டிசம்பரில் லண்டனில் கரியும் கந்தகமும் மூடுபனியும் சேர்ந்து ஐந்து நாள் நின்றதில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். போகிக்கு ஒரு பாய்த் துண்டைக் கொளுத்திச் சாங்கியத்தை முடித்துக்கொள்ளுங்கள். டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம்.

ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி மூழ்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை என்றே சொல்வேன். 2024 நவம்பர் 30இல் கரை ஏறிய ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது, 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கடலிலிருந்து ஈரக்காற்று ஓயாமல் வந்துகொண்டே இருந்ததும், புயல் நின்ற இடத்திலேயே நின்றதும்தான் காரணம். அவ்வளவு ஈரமும் அவ்வளவு மேலெழும் காற்றும் இருக்கும்போது துகள் கணக்கு பெரிதாக எடுபடாது. வடகிழக்குப் பருவமழை முழுவதற்குமே இது பெரும்பாலும் பொருந்தும். புகையின் கை ஓங்குவது சின்ன மேகங்களில், ஆழமில்லாத மேகங்களில்.

ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் வரும் வெப்பச்சலன இடிமழை கொஞ்சம் சிக்கலானது. கீழே மழை தாமதமானால் தண்ணீர் 5 கிலோமீட்டருக்கு மேல் உறைநிலைக்குப் போய்ப் பனிக்கட்டியாகி, அப்போது வெளியாகும் வெப்பத்தால் மேகம் இன்னும் பலமாகும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த விளைவு மிகச் சிறியது என்று மறுதரப்பு. வாதம் இன்னும் ஓயவில்லை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2009 முதல் விமானத்தில் கருவிகளை வைத்து மேகத்துக்குள்ளேயே போய்ப் பல கட்டங்களாக அளந்தது இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான்.

யாகப் புகையில் மழை வருமா? செயற்கை மழை என்று தூவுகிறார்களே, அதுவும் புகைதானே?

வேண்டுதல் அவரவர் நம்பிக்கை, அதற்குள் நான் போகவில்லை. புகையைப் பற்றி மட்டும் கேட்டால், மழை இல்லாத காலத்தில் குறைவாக இருப்பது மேலெழும் ஈரக்காற்று, துகள் அல்ல. இருப்பதோடு இன்னும் கொஞ்சம் துகள் சேர்ப்பதால் எதுவும் மாறாது.

செயற்கை மழைக்குத் தூவுவது வேறு. வெள்ளி அயோடைடு, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் துளிகளை உறையவைக்க. பெரிய உப்புத் துகள், துளியை ஆரம்பத்திலேயே பெரிதாக்கி மோதலைத் தொடங்கிவைக்க. அதாவது புகை செய்வதற்கு நேர் எதிரான வேலை. தமிழ்நாட்டில் 1980களில் வறட்சிக்காக இதை முயன்றிருக்கிறார்கள். அதற்கும் முதலில் வானத்தில் தகுந்த மேகம் இருக்கவேண்டும், வெறும் வானத்தில் தூவிப் பயனில்லை.

பள்ளிக்கூடத்தில் பாட்டிலில் மேகம் செய்து காட்டினார்களே, அதில் தீக்குச்சிப் புகை போட்டதும் உடனே மேகம் வந்ததே?

அருமையான சோதனை, எல்லாரும் செய்து பார்க்கவேண்டும். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூடியை இறுக்கி, பாட்டிலை நன்றாக அமுக்கி விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து, தீக்குச்சியைப் பற்றவைத்து அணைத்து, அந்தப் புகையை உள்ளே விட்டு மூடி, மறுபடி அமுக்கிச் சில விநாடி பிடித்திருந்து சட்டென்று விட்டால், உள்ளே வெள்ளையாக மூடிக்கொள்ளும். பின்னால் கருப்புத் துணியைப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். திரும்ப அமுக்கினால் மறைந்துவிடும், ஏனென்றால் அமுக்கும்போது காற்று சூடாகித் துளிகள் ஆவியாகின்றன.

ஆனால் ஆசிரியர்கள் இதோடு ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லவேண்டும். அமுக்கிய கையை எடுக்கும்போது பாட்டிலுக்குள் காற்று சில டிகிரி சட்டென்று குளிர்ந்துவிடுகிறது, ஈரப்பதம் 100ஐத் தாண்டும் அளவு வானத்தில் நடப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நெருக்கடியில் புதுக்கரியும்கூட துளியாகிவிடும். வானத்தில் அந்தச் சலுகை கிடையாது. பாட்டில் சோதனையை மட்டும் பார்த்த பிள்ளைகள் "புகைதான் மேகம்" என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். கரித்தட்டில் தண்ணீர் உருளும் சோதனையையும் பக்கத்திலேயே செய்து காட்டினால் இரண்டும் சேர்ந்து புரியும்.

விமானம் போனால் வெள்ளைக் கோடு வருகிறதே, அதுவும் கரியா?

கரிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இஞ்சின் விடும் ஈரமும் கரியும் கடுங்குளிரான காற்றில் கலக்கும்போது, கரியின் மேல் துளி உருவாகி அப்படியே உறைந்துவிடுகிறது. பாட்டிலில் நடப்பதுபோலவே அங்கும் ஈரப்பதம் ஒரு நொடிக்கு எக்கச்சக்கமாக ஏறுவதால் புதுக்கரிக்கும் வழி கிடைக்கிறது.

கப்பல் புகையும் கோடு போடும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. கடலுக்கு மேலே தாழ்வான மெல்லிய மேகம் இருக்கும்போது கப்பல் போன தடத்தில் மேகம் வெள்ளையாகப் பளிச்சிடுவது செயற்கைக்கோள் படத்தில் தெரியும். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்குக் குறைக்கப்பட்டதும் இந்தத் தடங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. எண்ணெய் எரிவது நிற்கவில்லை, கந்தகம் மட்டும்தான் குறைந்தது. பூச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

புகையைக் குறைத்தால் எவ்வளவு நாளில் மாற்றம் தெரியும்?

கரிக்கு ஒரு வாரம்தான் ஆயுள். மழை அதைக் கழுவிக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. இன்று விடுவதை நிறுத்தினால் சில வாரங்களில் காற்று வேறு மாதிரி இருக்கும். கார்பன் டைஆக்சைடு அப்படி இல்லை, அது நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். அதனால்தான் கரியைக் குறைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன், பலன் கையோடு கிடைக்கும்.

முதல் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாமா?

வேண்டாம். மேகத் துளிக்குள் இருந்த கரி, விழும் வழியில் மழை வாரிக்கொண்ட தூசு, மொட்டை மாடியில் கிடந்த அழுக்கு, பறவை எச்சம் எல்லாம் முதல் மழையில்தான் வரும். குழாயைத் திருப்பிவிட்டு மாடி கழுவிப் போகட்டும், தண்ணீர் தெளிவாக வந்த பிறகு தொட்டியில் விடுங்கள்.

சோகையைக் கொளுத்தாமல் என்ன செய்வது?

மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பு) விடுகிறவர்கள் கரும்பு வரிசைகளுக்கு இடையே பரப்பி விடலாம். மண்ணில் ஈரம் நிற்கும், களை குறையும், மக்கியதும் உரம். அப்படியே கிடந்தால் மக்க நாளாகும், ஆகவே டிராக்டரில் மாட்டும் தூளாக்கும் கருவியால் பொடித்துவிட்டால் நல்லது. கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் வெட்டு தொடங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், வெட்டு நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள்.